நெல் சுமக்க எந்த வண்டி? பிக்கப், டிராக்டர் டிரெய்லர், நானூற்றேழு லாரி

ஐப்பசி மழை வலுப்பதற்குள் குறுவை அறுவடை, தை மாசியில் சம்பா அறுவடை. இந்த இரண்டு பருவத்திலும் களத்தில் கிடக்கும் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுசேர்க்க வண்டி கிடைக்காமல் தவிக்காத விவசாயி காவிரி டெல்டாவில் அபூர்வம். சுற்றுவட்டாரம் முழுவதற்கும் ஒரே வாரத்தில் அறுவடை வருகிறது. வண்டியும் எல்லோருக்கும் அதே வாரத்தில்தான் வேண்டும். வாடகை ஏறுகிறது, மேகம் கறுக்கிறது, நெல் நனைகிறது. அடுத்த போகத்துக்குள் சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட வேண்டும் என்று பலரும் தீர்மானிப்பது இப்படித்தான். எந்த வண்டி என்பது அதற்குப் பிறகு எழும் கேள்வி.

ஷோரூமுக்குப் போனவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இழுவை அதிகமுள்ள பிக்கப் ஒன்றை வாங்கி, வீட்டில் நிற்கும் டிராக்டர் டிரெய்லரை அதன் பின்னால் மாட்டிவிட்டால் சுமையும் கூடும், வேகமும் கூடும் என்பது அவர்களில் சிலருடைய கணக்கு. ஆபத்தான கணக்கு அது. மற்ற ஒப்பீடுகளுக்குப் போகும் முன் அதைத் தீர்த்துவிட வேண்டும்.

இழுக்கும் திறன் என்று எழுதியிருப்பது

வெளிநாட்டுப் பிக்கப்புகளின் இழுவைக் கணக்கு நம்மை மலைக்க வைக்கும். அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 தக்க பொருத்தங்களோடு 6 டன்னுக்கு மேல் இழுக்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இங்கே ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் ஆகியவற்றின் வெளிநாட்டு வடிவங்களுக்கு பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 3,500 கிலோ இழுக்க அனுமதி இருக்கிறது. பார்த்தவுடன் நமக்குத் தோன்றுவது, 3,500 கிலோ என்றால் 40 கிலோ சிப்பத்தில் (கொள்முதல் நிலைய நெல் மூட்டையில்) எண்பதுக்கு மேல் ஆயிற்றே என்பதுதான்.

அந்த 3,500 கிலோ, டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருந்தால் மட்டுமே. டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அதே ஹைலக்ஸுக்கும் அதே டி-மேக்ஸுக்கும் அனுமதிக்கப்பட்ட அளவு 750 கிலோ. டிரெய்லரின் சொந்த எடையும் இந்த 750-க்குள் அடக்கம். நம் ஊர்ப் பட்டறைகளில் செய்யும் டிரெய்லர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு பிரேக் கிடையாது. வெற்று டிரெய்லரே ஒரு டன்னை ஒட்டி இருக்கும். ஆகவே ஒரு மூட்டைகூட ஏற்றாமலே அளவு தாண்டிவிடுகிறது.

டிராக்டர் மட்டும் அதே டிரெய்லரை இழுக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. டிராக்டர் மணிக்கு 20, 25 கிலோமீட்டரில் போகிறது. பிக்கப் ஓட்டுகிறவர் 50-க்குக் குறைந்து போக மாட்டார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. நான்கு டன் டிரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும்போது இரண்டு டன்கூட இல்லாத பிக்கப்பின் பிரேக் மட்டும் அத்தனையையும் பிடித்து நிறுத்த வேண்டும். ஆற்றங்கரைச் சாலையின் வளைவில், ஈரத்தில், டிரெய்லர் ஒருபுறம் வண்டி ஒருபுறம் என்று மடங்குவதற்கு ஒரு நொடி போதும். வெண்ணாற்றங்கரையிலும் கோரையாற்றங்கரையிலும் போகும் சாலைகள் எத்தனை இடத்தில் தடுப்புச் சுவர் இல்லாமல் இருக்கின்றன என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பிக்கப்பின் பின்பக்கத்தில் இருக்கும் கொக்கி, வண்டி சேற்றில் சிக்கினால் கயிறு கட்டி வெளியே இழுப்பதற்கு. தினமும் டிரெய்லரை மாட்டி இழுக்க அது வைக்கப்படவில்லை. இந்தியாவில் விற்கும் சரக்குப் பிக்கப்புகளை நிறுவனங்கள் சுமக்கும் திறனை வைத்துத்தான் விற்கின்றன, இழுக்கும் திறனை வைத்து அல்ல. எனவே முதுகில் சுமக்க வேண்டுமென்றால் பிக்கப், பின்னால் இழுக்க வேண்டுமென்றால் டிராக்டர். இரண்டையும் கலக்க வேண்டாம்.

வயலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே

டெல்டாவில் மேடு கிடையாது. வல்லம் பக்கம் கொஞ்சம் உயரும். மற்றபடி ரயில்வே மேம்பாலமும் வாய்க்கால் பாலத்தின் முதுகும்தான் நாம் ஏறும் மலை. ஏற்றத்தில் இழுக்கும் திறன் என்று விளம்பரம் பேசுவதில் நமக்குப் பாதிக்கு மேல் தேவையில்லை. நமக்கு எதிரி சேறு. வயலிலிருந்து தார்ச்சாலை வரை இருக்கும் அந்த அரைக் கிலோமீட்டர் வண்டிப்பாதைதான் எந்த வண்டி உதவும், எது நிற்கும் என்று தீர்மானிக்கிறது.

கணக்கை எளிதாகச் சொல்கிறேன். நல்ல தார்ச்சாலையில் நான்கு டன் எடையை உருட்ட ஏறத்தாழ 60 கிலோ அளவு இழுவிசை போதும். ஈரக் களிமண் பாதையில் அதே நான்கு டன்னுக்கு 400 கிலோ வேண்டும். சக்கரம் புதையும் அளவுக்குச் சேறென்றால் 800-ஐயும் தாண்டும். இந்த விசையைத் தர என்ஜினில் பலம் இருந்தால் மட்டும் போதாது, சக்கரம் மண்ணைப் பிடிக்க வேண்டும். பிடிமானம் என்பது ஓட்டும் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது, டயருக்கு எப்படிப்பட்ட பல் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது.

இரண்டு டன் எடையுள்ள 45 குதிரைத்திறன் டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல் இருக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டினால் சுமையில் ஒரு பங்கு கொக்கி வழியாக மேலும் பின் சக்கரத்தையே அழுத்துகிறது. 28 அங்குல ரிம்மில் ஓங்கிய பல்லுள்ள டயர். உள்ளே காற்று 15 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும், அதனால் டயர் அகலமாகப் படிந்து மண்ணின் மேல் மிதக்கிறது. பிக்கப்புக்கு 15 அங்குல ரிம், சாலைக்கென்று செய்த ஆழமில்லாத பல், சுமைக்கு ஏற்ப 50, 60 பவுண்டு காற்று. டயருக்குள் எவ்வளவு காற்றழுத்தமோ ஏறத்தாழ அவ்வளவு அழுத்தம்தான் மண்ணின் மீதும் விழும். டிராக்டரைவிட நான்கு மடங்கு அழுத்தத்தில் பிக்கப்பின் சக்கரம் நம் களிமண்ணைக் குத்துகிறது. 75 குதிரைத்திறன் பிக்கப் அசையாமல் நிற்கும் இடத்தில் 45 குதிரைத்திறன் டிராக்டர் நகர்ந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் சமாளிக்கலாமே என்பார்கள். டாடா யோதாவில் அந்த வகை கிடைக்கிறது, மஹிந்திராவின் பொலிரோ வரிசையிலும் உண்டு. மணலிலும் சரளையிலும் அது நன்றாக உதவும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து மணல் பாதையில் ஓட்டுகிறவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் மன்னார்குடி, கோட்டூர், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண் வேறு. சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் டயரின் பல்லெல்லாம் மண்ணால் அடைபட்டு, நான்கு சக்கரமும் வழவழவென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு நான்கு சக்கரமும் சேர்ந்தே சுற்றுகின்றன, வண்டி நகர்வதில்லை.

எத்தனை சிப்பம்?

வண்டிப்பாதை கப்பிச் சாலையாகிவிட்டது, களம் தார்ச்சாலை ஓரத்திலேயே இருக்கிறது என்றால் பிக்கப் மிக நல்ல தேர்வு. அந்த இடத்தில்தான் மாடல்களை ஒப்பிடும் வேலை வருகிறது. குதிரைத்திறனை ஓரமாக வைத்துவிட்டு, சுமக்கும் திறனைக் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பமாக மாற்றிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

2005-ல் வந்த டாடா ஏஸ், நாம் குட்டி யானை என்று அழைப்பது, முக்கால் டன் வகை: 18 சிப்பம். ஓசூரில் தயாராகி 2011-ல் சந்தைக்கு வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன்: 31 சிப்பம். டாடா இன்ட்ரா வி30 1,300 கிலோ, வி50 1,500 கிலோ; 32-ம் 37-ம். மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் 1.7 டன் வகைக்கு 42 சிப்பம். 2022-ல் வந்த யோதா 2.0, 2023-ல் வந்த பொலிரோ மேக்ஸ் பிக்கப்பின் பெரிய வகை இரண்டும் இரண்டு டன் சுமக்கும்: 50 சிப்பம். ஓட்டுநரோடு ஏறும் சுமைப்பணியாளர்களின் எடையையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் ஏறினால் நான்கு சிப்பம் குறையும்.

ஏக்கருக்கு இரண்டு டன் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஏக்கர் நெல்லுக்குக் குட்டி யானை பதினான்கு நடை போக வேண்டும், இரண்டு டன் பிக்கப் ஐந்து நடை. கொள்முதல் நிலையம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதில்லை. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உள்ள ஆலைக்கு நேராகக் கொண்டுபோகிறீர்கள் என்றால் மிகப் பெரிது.

ஈர நெல்லை மறந்துவிடக் கூடாது. கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் வரம்பு. மழை ஆண்டுகளில் அதைச் சில நேரம் தளர்த்தியதும் உண்டு. வயலிலிருந்து 23 சதவீதத்தில் வரும் நெல், அதே நெல் 17-க்குக் காய்ந்தபின் இருக்கும் எடையைவிட டன்னுக்கு 78 கிலோ கூடுதல். காய்ந்த கணக்கில் ஒன்றரை டன் என்று ஏற்றினால் உண்மையில் வண்டி மேல் 117 கிலோ அதிகமாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத மூன்று சிப்பம் அது. அறுவடை வாரத்தில் கமான் பட்டை (சுமையைத் தாங்கும் எஃகு வில்) உடைவதும் டயர் வெடிப்பதும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்றும் முறையும் அதே அளவு முக்கியம். சுமை ஏற்றும்போது அருகில் நின்று பாருங்கள். இறக்குவதற்கு வசதி என்று கடைசி வரிசையைப் பின் கதவோரம் உயர்த்தி அடுக்குவார்கள். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு சிப்பமும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. முகப்பு விளக்கின் ஒளி மரக்கிளையைத் தொடும், ஸ்டியரிங் கைக்கு லேசாகும். ஓட்டுவதற்கு எளிதாக இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் முன் சக்கரம் சாலையைப் பிடிக்கவில்லை என்பதற்கான அறிகுறி அது. கேபினை ஒட்டி உயரமாக, பின்னால் போகப் போகத் தாழ்வாக அடுக்கச் சொல்லுங்கள். முணுமுணுத்தாலும் அப்படியே அடுக்கச் சொல்லுங்கள்.

ஹைலக்ஸையும் டி-மேக்ஸ் வி-கிராஸையும் இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. 2.8 லிட்டர் என்ஜின், 204 குதிரைத்திறன் என்று ஹைலக்ஸ் அருமையான வண்டிதான். ஆனால் இரட்டைக் கேபின், பின்னால் குட்டையான பெட்டி, விலை முப்பது லட்சத்தை ஒட்டி. நெல் சுமப்பதற்காக அதை வாங்குவது பணத்தைக் கொட்டுவது. இசுசுவின் சாதாரண ஒற்றைக் கேபின் டி-மேக்ஸ் வேறு வகை. ஒன்றேகால் டன்னை ஒட்டிச் சுமக்கும், ஓட்டுவதற்கும் சுகமானது. சர்வீஸ் மையம் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அறுவடை வாரத்தில் உதிரிபாகத்துக்காக இரண்டு நாள் காத்திருக்க யாராலும் முடியாது. தோஸ்தும் பொலிரோவும் டெல்டாவில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் எந்தச் சந்தியிலும் அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பதுதான்.

டிராக்டர் டிரெய்லரின் பலமும் பயமும்

நெல் விவசாயிக்கு டிப்பர் டிரெய்லர் தரும் வசதியைப் பிக்கப்பால் தர முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அறுவடை இயந்திரம் தன் தொட்டி நிறைந்ததும் வரப்போரம் வந்து குழாயை நீட்டி டிரெய்லரில் நேராகக் கொட்டுகிறது. மூட்டை பிடிக்க ஆள் வேண்டாம், தைக்கச் சணல் வேண்டாம். டிராக்டர் களத்துக்குப் போய் ஹைட்ராலிக்கை உயர்த்தினால் மூன்று டன் நெல் சில நிமிடங்களில் தரையில். கொள்முதல் நிலையத்திலும் நெல்லைக் குவித்துத் தூற்றிய பிறகுதான் அரசுச் சாக்கில் பிடிக்கிறார்கள். அதே நெல்லைப் பிக்கப்பில் கொண்டுபோனால் ஒன்று வயலிலேயே மூட்டை பிடித்து, ஏற்றி, இறக்கி, மறுபடி அவிழ்த்துக் கொட்ட வேண்டும். இல்லையென்றால் தார்ப்பாய் விரித்து உதிரியாகக் கொட்டிப் பிறகு வாரி இறக்க வேண்டும். ஆள் பஞ்சம் உள்ள இந்நாளில் இந்தக் கூலி ஒவ்வொரு நடையிலும் சேர்கிறது. வண்டி விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

டிராக்டர் வருடம் முழுவதும் உழவுக்கும் பயன்படுகிறது. வரியிலும் சலுகை கூடியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சரக்கு வண்டிகளுக்கு 28-லிருந்து 18. பிக்கப்பும் மலிந்திருக்கிறது என்றாலும் டிராக்டரின் வரி அதைவிட வெகுவாகக் கீழே.

பயமும் அதே அளவு இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தை மாதமும் இதற்கு உயிர்கள் போகின்றன. அளவுக்கு மீறி ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லர், மேம்பாலத்தில் ஏறும்போது கொக்கியைக் கீழே அழுத்தி டிராக்டரின் முன் சக்கரத்தை மேலே தூக்கும். தூக்கிவிட்டால் ஸ்டியரிங் இல்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டிரெய்லர் தள்ளும் வேகத்தை டிராக்டரின் பிரேக்கால் தாங்க முடியாது. வயலுக்காகப் பிரித்து வைத்த இடது வலது பிரேக் பெடல்களைத் தார்ச்சாலையில் ஏறும் முன் தாழ்ப்பாள் போட்டு இணைக்க மறந்தால், அவசரத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி கவிழும். இரவில் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் தேசிய நெடுஞ்சாலை 83-ல் பின் விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் சாலையோரம் நிற்கும் டிரெய்லரில் பைக்கில் வருகிறவர் மோதுவது நாளிதழில் வழக்கமாக வரும் செய்தி. நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்புப் பட்டையை ஒட்டாததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. நடவுக்கும் திருவிழாவுக்கும் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிப் போவதும் நிற்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

தேங்காய், வாழை, வைக்கோல்

நெல் அல்லாதவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மணற்பாங்கான தென்னந்தோப்புகளில் பிக்கப் மரத்தடி வரை போய்விடும். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு தோப்பை மறுபடி எழுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு டிராக்டரைவிட ஒன்றரை டன் பிக்கப் லாபமானது. உரித்த காயில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஏற்றலாம், சந்தைக்கும் நேராகப் போகலாம்.

திருவையாற்றுப் பக்கத்து வாழைக்கு இரண்டு டன் வண்டி வேண்டவே வேண்டாம். பெரிய சுமைக்கென்று போட்ட விறைப்பான கமான் பட்டை, அரைச் சுமையில் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். வாழைத்தார் அடிபட்டுக் கறுத்துவிடும். தோஸ்த் அளவு வண்டியில் நிறைய ஏற்றிப் போவதே தாருக்கு நல்லது.

வைக்கோல் எடையில் லேசு, உருவத்தில் பெரிது. கட்டும் இயந்திரம் சுருட்டித் தரும் கட்டுகளைப் பிக்கப்பில் கேபினுக்கு மேலே மூன்று வரிசை அடுக்கிப் போகிறவர்களைப் பார்க்கலாம். எடை வரம்புக்குள்தான் இருக்கும், ஆனால் காற்றுக் காலத்தில் கடற்கரைச் சாலையில் வண்டியைக் கவிழ்க்க அந்த உயரம் போதும். மின்கம்பியும் உண்டு. வைக்கோலுக்கு நீளமான பெட்டியுள்ள வண்டி, அல்லது டிரெய்லர்.

நானூற்றேழு எங்கே வருகிறது?

1986-ல் வந்த டாடா 407-ஐ டெல்டாவில் தெரியாதவர் இல்லை. அதன் வகையறா வண்டிகள் இரண்டு டன்னுக்கு மேல் தாராளமாகச் சுமக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம், அதற்கேற்ற அச்சு, அதற்கேற்ற பிரேக். தினமும் இரண்டு டன் சுமை உறுதியாக இருக்கிறவர் இரண்டு டன் பிக்கப்பை விளிம்பு வரை ஏற்றி ஓட்டுவதைவிட 407 வகையைக் குறைந்த சுமையில் ஓட்டுவது நல்லது. பிக்கப் மூன்று ஆண்டில் தேய்ந்துபோகும் வேலையை அது பத்து ஆண்டு செய்யும். ஆனால் சொந்த நெல்லுக்கு மட்டும் அதை வாங்குவது வீண். வருடத்தில் பத்து மாதமாவது வாடகைக்கு ஓட ஆளும் வேலையும் இருக்க வேண்டும். கிராமத்துச் சின்ன மதகுப் பாலங்களில் அதை ஏற்ற முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் இரண்டு மூன்று செய்தி பணத்தோடு சம்பந்தப்பட்டவை. சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஏஸ், தோஸ்த், இன்ட்ரா வி50 வரை இதற்குள் வந்துவிடும், 1.7 டன், 2 டன் பிக்கப்புகள் தாண்டிவிடும். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் உரிமம் பொருந்தவில்லை என்று காட்டி இழப்பீட்டை மறுத்துவந்த நிலை மாறியிருக்கிறது. அளவுக்கு மீறிய சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும். பலரும் டிராக்டர் எண்ணையே எழுதி ஓட்டுகிறார்கள், விபத்து நடந்த பிறகுதான் அதன் விலை தெரிகிறது.

என் முடிவு

பத்து ஏக்கருக்குள் நெல், களிமண், வயலுக்கும் சாலைக்கும் நடுவே மண் பாதை, கொள்முதல் நிலையம் ஐந்து கிலோமீட்டருக்குள்: டிராக்டர் இருந்தால் டிப்பர் டிரெய்லர் வாங்குங்கள்; டிராக்டர் இல்லையென்றால் அதற்காகப் புது டிராக்டர் வாங்காமல் இரண்டு மூன்று பங்காளிகள் சேர்ந்து ஒன்றை வாங்கலாமா என்று பாருங்கள். பிக்கப் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

களம் சாலையோரம், நெல்லோடு உளுந்து, காய்கறி, உரமும் ஏற்ற வேண்டும், மற்ற மாதங்களில் வாடகை கிடைக்கும்: ஒன்றேகால் முதல் ஒன்றரை டன் வண்டி. 45 கிலோ யூரியா மூட்டை இருபதைக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து எடுத்துவர அதுவே தாராளம். வாய்க்கால் கரையில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்கவும் அந்த அளவுதான் சரி. இரண்டு டன் பிக்கப்பை நான் பரிந்துரைப்பது வியாபாரிகளுக்கும், வாரத்தில் பாதி நாளாவது முழுச் சுமை ஓட்டுகிறவர்களுக்கும் மட்டும்.

பழைய பிக்கப் வாங்குகிறவர்களே அதிகம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜினைக் கடைசியில் கேளுங்கள். முதலில் வண்டியை வெறுமையாகச் சமதரையில் நிறுத்தி, பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். கமான் பட்டை வில்லாக வளைந்திருக்க வேண்டும். சுமையே இல்லாமல் தட்டையாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் மீறிச் சுமந்த வண்டி. பட்டையை எண்ணுங்கள், அதே மாடல் புது வண்டியைவிட ஒன்றிரண்டு அதிகமிருந்தால் பட்டறையில் கூட்டியிருக்கிறார்கள். பட்டை கூட்டினால் வண்டி தாழாது, ஆனால் அச்சும் பிரேக்கும் சேசிஸும் (அடிச்சட்டமும்) பழைய பலத்தில்தான் இருக்கின்றன. கேபினுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியைக் கையால் அளந்து பாருங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தாலோ, இடது வலது வேறுபட்டாலோ சேசிஸ் வளைந்திருக்கலாம். கேபினுக்குப் பின்னால் சேசிஸின் கீழ்ப்பக்கத்தில் விரலை ஓட்டினால் வெல்டிங் தழும்பு தட்டுப்படும். புதுப் பெயின்ட் அடித்திருக்கும் இடத்தைக் கூடுதலாகத் தடவுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் உப்போ மீனோ சுமந்திருக்க வாய்ப்பு அதிகம். பெட்டித் தகட்டின் மேல்புறம் பளபளப்பாக இருக்கும், அடிப்புறம் திருப்புளியால் தட்டினால் உதிரும்.

டிரெய்லர் செய்யக் கொடுப்பவர்கள் பட்டறைக்காரரிடம் விலை பேசும்போதே மூன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: சக்கரத்துக்கு பிரேக், கொக்கிப் பின் கழன்றாலும் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் காப்புச் சங்கிலி, டிராக்டரின் மின்சாரத்தில் எரியும் பின் விளக்கு. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.